விரலுக்குக் கத்தும் ஆளி

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் படித்து வளர்ந்து இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரின் காணொளி அண்மையில் வெள்ளவத்தையில் பல கைப்பேசிகளைச் சுற்றி வந்தது. வீட்டுக் கராஜில் அவர் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தின் இடது இறக்கையைக் காட்டுகிறார். அதன் முன்விளிம்பில் சின்னதொரு வெட்டு, வெட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகட்டு நாக்கு. விரலால் அந்த நாக்கை மேலே தூக்குகிறார். விமானி அறைக்குள் ஊதி அலறுகிறது. சுற்றி நிற்கும் நண்பர்கள் கைதட்டுகிறார்கள். ஸ்டோல் எச்சரிக்கை ஆளி பூட்டியாயிற்று, பாதுகாப்பு வேலை நிறைவு என்ற வாசகத்துடன் காணொளி முடிகிறது.

அதை எனக்கு அனுப்பியவர் நீண்ட காலம் பொறியியல் கற்பித்தவர், நான் மதிப்பவர். "பறந்து பார்த்து அளவு வைத்தவரோ?" என்று கேட்டேன். "கையால தூக்கிப் பாத்தவர்தானே, கத்துது. இனி என்ன?" என்றார்.

அந்த "இனி என்ன" பிழையானது என்பதே என் கட்சி. இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். கிற் வாங்கி விமானம் கட்டுபவர்கள் கூடக் கூட இந்தப் பிழையும் பரவுகிறது. ஒரிகனில் 1973இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்கள் மட்டுமே 11,000க்கு மேல் வானேறியிருக்கின்றன. அவ்வளவும் யாரோ ஒருவர் தம் கையால் தறையாணி அடித்துப் பூட்டியவை. அந்த உழைப்பை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை.

கருவியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இறக்கை தூக்குவிசையை இழப்பதைத்தான் ஸ்டோல் என்கிறோம். அது நிகழ்வதை வேகம் தீர்மானிப்பதில்லை. எதிர்க்காற்றுக்கு இறக்கை எவ்வளவு சரிந்து நிற்கிறது என்ற தாக்குகோணமே தீர்மானிக்கிறது. சாதாரண இறக்கைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 15 முதல் 18 பாகை. நேராகப் பறக்கையில் 50 நொட்டில் ஸ்டோலாகும் விமானம், 45 பாகை சரிந்து திரும்பும்போது ஏறக்குறைய 60 நொட்டிலேயே ஸ்டோலாகும். 60 பாகை சரிந்தால் 71 நொட்டில். வேகமானியின் முகப்பில் தீட்டிய கோடு இந்தக் கணக்கை அறியாது. இறக்கை விளிம்பில் இருக்கும் தகட்டு நாக்கோ கோணத்தையே உணர்வதால், எவ்வளவு சரிந்து திரும்பினாலும் தன் வேலையைச் செய்யும். விமானி வெளியே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் காதுக்கு எட்டுகிறது என்பது அதன் இன்னொரு பெருமை. எடை சில அவுன்ஸ்தான். உள்ளே இருக்கும் நுண்ணாளி மைக்ரோவேவ் அடுப்பின் கதவுக்குள் இருக்கும் அதே இனம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். லெனார்ட் கிரீன் 1946இல் சேஃப் ஃபிளைட் நிறுவனத்தைத் தொடங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவி எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. இதையெல்லாம் மறுப்பவன் நான் அல்ல.

மறுப்பு அது வேலை செய்யும் விதத்திலிருந்தே பிறக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் மோதும் காற்று ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு மேலேயும் மறு பங்கு கீழேயும் போகிறது. அந்தப் பிரிவிடத்தைத் தேக்கப் புள்ளி என்போம். தாக்குகோணம் சிறிதாக இருக்கையில் தேக்கப் புள்ளி நாக்குக்கு மேலே இருக்கும்; நாக்கைத் தொடும் காற்று அதைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். கோணம் கூடக்கூட அந்தப் புள்ளி விளிம்பைச் சுற்றிக் கீழே இறங்கும். நாக்கைத் தாண்டி இறங்கிய கணத்தில் காற்றின் திசை மாறி நாக்கு மேலே எழும்பும், ஆளி மூடும், ஊதி ஒலிக்கும்.

ஆகவே எல்லாமே நாக்கு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. சற்று மேலே இருந்தால் ஊதி முன்கூட்டியே கத்தும். சற்றுக் கீழே இருந்தால் பிந்திக் கத்தும், அல்லது ஸ்டோல் வந்த பிறகு கத்தும். "சற்று" என்று நான் சொல்வது மில்லிமீற்றர் கணக்கு. தொழிற்சாலையில் கட்டும் பல விமானங்களில் இந்த அலகைப் பிடிக்கும் திருகுகளின் துளை வட்டமாக இருக்காது, நீள்வாட்டமாக இருக்கும். சோதனை விமானி பறந்து இறங்கியதும் அலகை மேலேயோ கீழேயோ நகர்த்தி மறுபடி பறந்து பார்ப்பதற்கே அந்த ஏற்பாடு. அமெரிக்காவின் சிறுவிமான விதிகள், எச்சரிக்கை ஸ்டோல் வேகத்துக்குக் குறைந்தது 5 நொட் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்தன. ஃபிளாப் என்ற, இறக்கையின் பின்விளிம்பு மடலை ஏற்றிய நிலைக்கும் இறக்கிய நிலைக்கும் தனித்தனியே காட்ட வேண்டும். ஃபிளாப் இறங்கினால் இறக்கையைச் சுற்றிய காற்றோட்டத்தின் வடிவமே மாறிவிடும் என்பதுதான் காரணம்.

வீட்டில் கட்டுபவரை இந்த விதி கட்டாயப்படுத்துவதில்லை. அவருடைய இறக்கையோ தொழிற்சாலை இறக்கையைவிட ஐயத்துக்குரியது. முன்விளிம்புத் தகடு எவ்வளவு அழகாக வளைந்தது, எங்கே வர்ணப் பூச்சு தடித்தது, வெட்டு எத்தனை கீற்று மேலே விழுந்தது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வரைபடம் சொன்ன இடத்தில் துளை போட்டேன் என்பது வரைபடத்தின் இறக்கைக்குத்தான் பதில். இவருடைய இறக்கைக்கு அது பதில் அல்ல.

இனி விரல் சோதனைக்கு வருவோம். பறப்பதற்கு முன் நாக்கைத் தூக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். செஸ்னா 172இல் மின்னாளி கிடையாது, விளிம்பில் ஒரு சிறு துவாரமும் உள்ளே காற்றில் ஒலிக்கும் ஒரு ரீடும்தான். இரத்மலானையில் பறக்கக் கற்ற எவரைக் கேட்டாலும், கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி ஒலிக்கச் செய்யும் முறையைச் சொல்வார். இந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது? வயர் அறுந்துபோகவில்லை, ஃபியூஸ் எரியவில்லை, ஊதிக்கு உயிர் இருக்கிறது, இவ்வளவைத்தான். எந்தக் கோணத்தில் ஒலிக்கும் என்பது பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. கடைத்தராசின் தட்டைக் கையால் அழுத்தினால் முள் அசையும். முள் அசைந்ததற்காக யாரும் அந்தத் தராசு ஒரு கிலோவை ஒரு கிலோவாகக் காட்டும் என்று ஏற்பதில்லை. அரசாங்கத் திணைக்களத்தின் படிக்கல்லை வைத்துப் பார்த்து முத்திரை குத்திய பிறகே வியாபாரம். பருப்பு நிறுக்கும் தராசுக்கு நாம் கேட்கும் முத்திரையை, உயிரைத் தாங்கும் இறக்கைக்குக் கேட்க மறுக்கிறோம்.

கேட்க மறுப்பதன் விளைவு இரண்டு வகை. நாக்கு உயரத்தில் பூட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் ஊதி நீண்ட நேரம் அலறும். காது பழகிப்போகும்; உண்மையான நாளிலும் அது வழக்கமான சத்தமாகவே கேட்கும். நாக்கு தாழ்வாக இருந்தாலோ நிலைமை மிக மோசம். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தை எண்ணிப் பாருங்கள். உயரம் 500 அடி அளவில் இருக்கும். காற்று தள்ளியதால் விமானி ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டார். மூக்கைச் சுக்கானால் உள்ளே இழுக்கிறார். கைப்பிடியையும் பின்னால் இழுக்கிறார். தாக்குகோணம் ஏறுகிறது. ஊதி கத்தவில்லை. கத்தாததால் இன்னும் இடமிருக்கிறது என்று அவர் மனம் கணக்குப் போடுகிறது. ஆளியே பூட்டாத விமானத்தில் இருந்திருந்தால் வேகத்தைப் பார்த்திருப்பார், பயந்திருப்பார், மூக்கைத் தாழ்த்தியிருப்பார். ஊதியின் மௌனத்தை அவர் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அந்த உயரத்தில் ஒரு பக்க இறக்கை விழுந்தால் மீட்க இடமே இல்லை.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்பவர்களுக்குப் பெரிய விமானங்களின் ஏடுகளிலிருந்து இரண்டைக் காட்டுவேன். 2018 ஒக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் எயார் 610 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். மூக்கைத் தானாகத் தாழ்த்தும் மென்பொருளை ஒரேயொரு உணரியிடம் ஒப்படைத்த போயிங்கின் வடிவமைப்பே முதற் குற்றவாளி. ஆனால் அந்த உணரி ஏன் பொய் சொன்னது? பழுதுபார்த்து வந்த அந்தத் தாக்குகோண உணரி 21 பாகை பிசகி அளவு வைக்கப்பட்டிருந்தது. பட்டறையின் சோதனையில் அது பிடிபடவில்லை. பாலியில் அதை விமானத்தில் பூட்டியபோதும் பிடிபடவில்லை. உணரிக்கு உயிர் இருந்தது, அது அளவுகளை அனுப்பிக்கொண்டும் இருந்தது. பூட்டியாயிற்று என்பதும் அளவு சரி என்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

மற்றது 2009 ஜூன் 1 அன்று அத்திலாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447. இறந்தவர்கள் 228 பேர். அதில் ஸ்டோல் எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 வினாடி விடாமல் ஒலித்தது. பிறகு வேகமானிகள் 60 நொட்டுக்கும் கீழே காட்டத் தொடங்கியபோது, கோண அளவு நம்பத் தகாதது என்று கணினி ஒதுக்கியதால் ஒலி நின்றது. விமானம் அப்போதும் முழு ஸ்டோலில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மூக்கைத் தாழ்த்தியபோது அளவு மறுபடி செல்லுபடியாகி ஊதி மீண்டும் ஒலித்தது. சரியான செயலுக்கு அலறலும் பிழையான செயலுக்கு அமைதியும் பரிசாகக் கிடைத்தன. மௌனத்தை மனிதர் எப்படிப் படிப்பார்கள் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. பயிற்சி பெற்ற மூன்று விமானிகள் இருந்த அறையிலேயே இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை விமானியின் காதை நம்பி நாம் என்ன சொல்ல முடியும்?

கொழும்பின் நிலத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இந்த ஆளியின் மின்சுற்று சாதாரணமாகத் திறந்தே கிடக்கும். நாக்கு எழும்பினால்தான் மூடும். வயர் துருப்பிடித்து அறுந்தாலும், தொடுமுனையில் உப்புப் படிந்தாலும், அது எந்த அறிவிப்பும் தராமல் ஊமையாகும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து லேனில் குடியிருப்பவருக்குக் கடற்காற்று செம்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இரத்மலானை ஓடுபாதையும் அதே கடலின் பக்கத்தில்தான் கிடக்கிறது. குளவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிறு துவாரம் கண்டால் மண்கூடு கட்டாமல் விடா. 1996இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேருடன் விழுந்த பேர்ஜன்எயார் விமானத்தின் வேகமானிக் குழாயை அடைத்தது குளவிக்கூடாக இருக்கலாம் என்றே விசாரணையாளர் கருதினார்கள். இந்த வகைக் கோளாறை விரல் சோதனை பிடிக்கும். அதனால்தான் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

ஏன் நின்றுவிடுகிறார்கள்? வீட்டில் கட்டும் கலாசாரம் பூட்டுதலைக் கொண்டாடுகிறது, அளத்தலைக் கொண்டாடுவதில்லை. பாதிக்கு மேல் தன் கையால் கட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதைக் காட்டப் படம் எடுக்கிறார்கள், நாட்குறிப்பு எழுதுகிறார்கள், தறையாணி வரிசைகளை அருகில் போய்க் காட்டுகிறார்கள். கிற்றோடு வரும் கையேட்டில் ஆளியின் பக்கம் வயரை இணைப்பதோடு முடிந்துவிட்டால், கட்டுபவரின் மனத்திலும் அந்த வேலை அங்கேயே முடிகிறது. பதிவான பிறகு வழமையாக 25 அல்லது 40 மணித்தியாலம் சோதனைப் பறப்பு. அது எதற்காகத் தரப்பட்டது? இத்தகைய அளவுகளை எடுப்பதற்காக. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் தன் சோதனைக் கையேட்டில் ஸ்டோல் சோதனையை விளக்கியிருக்கிறது. பரிசோதனை விமானச் சங்கம் ஒவ்வொரு சோதனைக்கும் தனி அட்டை அச்சிட்டுத் தருகிறது. இருந்தும் பலர் அந்த மணித்தியாலங்களை ஊரைச் சுற்றி வட்டமடித்தே தீர்க்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011இன் வீட்டுக்கட்டு விமான விபத்துகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையில், இயந்திரம் நின்றுபோவதும் பறக்கையில் கட்டுப்பாடு இழப்பதுமே மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிய காரணங்கள் என்று கண்டது. புது விமானத்தின் முதற் காலத்திலேயே விபத்துகள் குவிகின்றன என்றும் கண்டது. சோதனைத் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் வீட்டிலே விமானம் கட்டிப் பறந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் றே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்தவர்; 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர்; மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தவர். 1950களில் இருசக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். பிறகு வெப்பமண்டல மண்ணில் அந்த உழவு என்ன செய்கிறது என்று வயலில் நின்று பார்த்தார். தன் புகழ்பெற்ற படைப்பே தவறான கேள்விக்கு விடையாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, உழாமல் பயிரிடும் முறைக்கு வாதாடினார். கட்டியதோடு அவர் நிற்கவில்லை. கட்டியது களத்தில் என்ன செய்கிறது என்பதற்கே தீர்ப்பை விட்டார். அவரைத் தங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் நம் இளைஞர்கள் இந்தப் பாதியைப் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

எனக்கு வரும் பதில்கள் மூன்று. விமானமே நடுங்கிச் சொல்லிவிடும், ஆளி எதற்கு என்பது முதலாவது. சில இறக்கைகள் அப்படி நல்லபடியாக நடுங்கும். சில நடுங்காமலே விழும். உன் இறக்கை எந்த வகை என்பதைக்கூடப் பறந்து பார்த்தால்தான் அறிய முடியும். இரண்டாவது பதில், இப்போது தாக்குகோணத்தைத் திரையில் வண்ணத்தில் காட்டும் கருவி மலிவாகக் கிடைக்கிறது என்பது. நல்ல கருவிதான், எல்லை நெருங்குவதைப் படிப்படியாகக் காட்டுவதால் ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும் ஆளியைவிட மேலானது. அதன் கையேடும் பறந்து அளவு வைக்காமல் குறியை நம்பாதே என்றுதான் சொல்கிறது. அளவு வைக்காத திரை, அளவு வைக்காத ஊதியைவிட அழகாகப் பொய் சொல்லும், அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாவது பதில்தான் என்னைக் கோபப்படுத்துவது. புதிதாகக் கட்டிய விமானத்தை வேண்டுமென்றே ஸ்டோலாக்கிப் பார்ப்பது ஆபத்து என்கிறார்கள். நான்காயிரம் அடியில், அனுபவமுள்ளவர் கையில், இறங்குவதற்கு நிலம் பார்த்து வைத்துக்கொண்டு செய்யும்போது ஆபத்து என்று அஞ்சுகிறவர், அதே ஸ்டோலை ஐந்நூறு அடியில் முதன்முறையாகச் சந்திக்கத் தயாராக இருக்கிறார். தன் விமானம் எங்கே விழும் என்று அறியாதவர் அதில் ஏறுவதே தகாது. அப்படிப்பட்டவர் கட்டியது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விமானம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. இது கடுமையான பேச்சு என்று தெரிந்தே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. போதிய உயரம் ஏறுங்கள். விசையைக் குறைத்து, வினாடிக்கு ஒரு நொட் என்ற வீதத்தில் வேகம் இறங்க விடுங்கள். ஊதி தொடங்கிய வேகத்தை எழுதுங்கள். இறக்கை விட்ட வேகத்தை எழுதுங்கள். ஃபிளாப் ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை, இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லத் திரும்பியபடி ஒவ்வொரு முறை. இடைவெளி 5 நொட்டுக்குக் குறைந்தால் இறங்கி நாக்கை மேலே நகர்த்துங்கள், மறுபடி பறந்து பாருங்கள். இறுதி எண்களை ஒரு சிட்டையில் எழுதி விமானி கண்ணுக்கு எதிரே ஒட்டுங்கள். விளிம்புத் தகட்டில் தட்டுப்பட்டாலோ, மறுபடி வர்ணம் பூசினாலோ, அந்தச் சிட்டையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கும் அவரைப்போல் கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தச் சிட்டை ஒட்டப்படும்வரை அம்மாவையோ மனைவியையோ பிள்ளையையோ பக்கத்து இருக்கையில் ஏற்றாதீர்கள்.